தொப்ஷேக்கு ஒரு தங்கை இருந்திருந்தால்

சத்யஜித் ரேயைப் பலரும் திரைப்பட இயக்குநராகவே அறிவர். எனக்கோ அவர் முதலில் கதைக்காரர். பாட்டனார் 1913இல் தொடங்கிய ‘சந்தேஷ்’ சிறுவர் இதழை 1961இல் நண்பரோடு மீண்டும் வெளிக்கொணர்ந்தார். 1965இல் துப்பறிவாளர் ஃபெலுடா அதில் வந்தார். கதை சொல்பவன் தம்பிமுறையான தொப்ஷே. பின்னர் எழுத்தாளர் லால்மோகன் பாபுவும் சேர்ந்துகொள்ள, மூவரோடும் ஜெய்சல்மேர் கோட்டைவரை போனேன். உம்மா இரண்டு தடவை விளக்கை அணைக்கச் சொன்னார்.

ஆனாலும் எனக்கொரு மனக்குறை. அந்தக் கூட்டணியில் பெண்பிள்ளை ஒருத்தியும் இல்லை. சிறுவருக்கான கதைகள்தானே என்பார்கள். சிறுமிகள் ‘சந்தேஷ்’ வாசிக்கவில்லையா? எழுதத் தொடங்கும் ஒரு பெண்ணின் தனிமையை 1964இல் ‘சாருலதா’ படத்தில் அத்தனை நுணுக்கமாகக் காட்டியவர், மறுவருடம் தொப்ஷேக்கு ஒரு தங்கையைக் கொடுத்திருக்கலாம். அவன் கவனிக்கத் தவறியதையெல்லாம் அவள் கொப்பியில் குறித்துவைத்திருப்பாள்.