கேள்விக்குறியையும் எழுதிக்கொள்ளுங்கள்!

பூமியில் உயிர் எப்போது தோன்றியது? ஓர் எண்ணை எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். மாணவ நண்பர்களே, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்டதுண்டா?

அதற்குச் சாட்சி சொல்லும் கற்களில் ஒன்று செர்ட். சிக்கிமுக்கிக் கல்லும் இதில் ஒரு வகையே. நீரில் கரைந்த சிலிக்கா படிந்து, மிக நுண்ணிய குவார்ட்ஸ் படிகங்களாக இறுகும்போது செர்ட் உண்டாகிறது. அப்போது அதில் சிக்கிய நுண்ணுயிர் நசுங்காமல் தங்கிவிடக்கூடும். கல்லை ஒளி புகும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். கனடாவின் கன்ஃப்ளிண்ட் செர்ட்டில் இவ்வாறு நுண்ணுயிர்ப் புதைபடிவங்களைக் கண்டதாக டைலர், பார்கூர்ன் இருவரும் 1954-ல் அறிவித்தனர். அவற்றின் வயது சுமார் 188 கோடி ஆண்டுகள்.

1993-ல் அமெரிக்க விஞ்ஞானி வில்லியம் ஷாப்ஃப் இன்னும் பின்னே சென்றார். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஏபெக்ஸ் செர்ட்டில் 11 வகை நுண்ணுயிர் இழைகளைக் கண்டதாக எழுதினார். வயது சுமார் 346 கோடி ஆண்டுகள்! பாடநூல்களிலும் அவை இடம்பெற்றன.

2002-ல் இங்கிலாந்தின் மார்ட்டின் பிரேசியர் குழுவினர் இதை மறுத்தனர். அந்தச் செர்ட் வெந்நீர் ஓடிய பிளவில் உண்டானது; உயிரில்லாமலே இத்தகைய இழைகள் உருவாகலாம் என்றனர். ஏடு ஏடாக அடுக்கிய கனிமத்தின்மீது கரி படிந்த தோற்றமே அது என்று 2015-ல் வெளிவந்த அவர்களது கட்டுரை கூறியது. ஷாப்ஃபும் விடவில்லை. கரியிலுள்ள ஐசோடோப்புகளின் விகிதம் உயிருக்கே பொருந்துகிறது என்று 2017-ல் வாதிட்டார்.

“விஞ்ஞானிகளே சண்டையிட்டால் யாரை நம்புவது?” என்று சிலர் கேட்பர். இந்தச் சண்டையால்தான் விஞ்ஞானத்தை நம்பலாம் என்பது என் கருத்து. ஷாப்ஃப் தம் கற்சீவல்களை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார். அவரை மறுத்தவர்கள் அதே சீவல்களை எடுத்துப் பார்க்க முடிந்தது. சான்றைப் பூட்டி வைத்திருந்தால் தவறு எது, சரி எது என்று எவ்வாறு தெரியும்?

ஆகவே பாடநூல்கள் முடிவை மட்டுமல்ல, வழக்கையும் அச்சிட வேண்டும். நாளை செவ்வாயிலிருந்து ஒரு கல் வந்தாலும் இதே கேள்விதான் எழும்: உயிர் போலத் தோன்றுவதெல்லாம் உயிர்தானா? அதற்கு விடை தேடப் போகிறவர்களில் நீங்களும் இருக்கலாம். எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவரால் அது இயலாது. “எப்படித் தெரியும்?” என்று இன்றே வகுப்பில் கேட்டுப் பழகுங்கள்.