டி.என்.ஏ. சோதனைக்கும் சுழிப்பிழை உண்டு



திருகு அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் சுழிப்பிழை பார்க்கிறீர்கள். அதைப் பாராமல் எடுத்த அளவை எந்த ஆசிரியரும் ஏற்கமாட்டார். ஆனால் டி.என்.ஏ. சோதனை என்றால் மட்டும், ‘விஞ்ஞானமே சொல்லிவிட்டது’ என்று கேள்வியை நிறுத்திவிடுகிறோம். இது சரியன்று.

பிடிபட்ட இறைச்சி மானுடையதா, ஆட்டினுடையதா? இதைக் கண்டறிய ஐதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் வர்மாவும் லால்ஜி சிங்கும் 2003-இல் ஒரு முறையை வெளியிட்டனர். செல்லிலுள்ள மைட்டோகாண்டிரியாவுக்கெனத் தனி டி.என்.ஏ. உண்டல்லவா? அதில் சைட்டோகுரோம் பி என்னும் ஜீனின் ஒரு பகுதியைப் படித்து விலங்கை அடையாளம் காண்பதே அம்முறை. இத்தகைய சோதனையைப் பொறுத்து ஒருவர் சிறை செல்லலாம், விடுதலையும் ஆகலாம்.

சிக்கல் எங்கே வருகிறது? மைட்டோகாண்டிரியா சிதையும்போது அதன் டி.என்.ஏ. துணுக்கு சில சமயம் உட்கருவுக்குள் புகுந்துவிடுகிறது. அங்கே அறுந்த டி.என்.ஏ. இழையைச் செல் இணைக்கும்போது துணுக்கும் இடையில் ஒட்டிக்கொள்கிறது. தறியில் அறுந்த இழையை முடியும்போது துண்டு நூலும் முடிச்சில் சிக்குவதில்லையா, அதுபோலத்தான்! கோடிக்கணக்கான ஆண்டுகளாக இது நடந்து வருகிறது, இன்னும் நிற்கவில்லை. மனிதரில் ஏறத்தாழ 10,000 பிறப்புகளுக்கு ஒருமுறை புதிய துணுக்கு ஒட்டுகிறது என்று 66,083 பேரின் டி.என்.ஏ.வை ஆராய்ந்து 2022-இல் கண்டனர்.

ஒட்டிய நகல் பெரும்பாலும் எவ்வேலையும் செய்வதில்லை. ஆயினும் சோதனைக் குழாயில் அசலுக்குப் பதில் இந்த நகல் பெருகிவிட்டால்?

1994-இல் அதுதான் நடந்தது. அமெரிக்காவில் யூட்டா மாநிலச் சுரங்கத்தில் கிடைத்த, 8 கோடி ஆண்டுப் பழமையான எலும்பில் உட்வார்ட் குழுவினர் டி.என்.ஏ. கண்டனர். டைனோசாருடையதாக இருக்கலாம் என்றனர். அவர்கள் படித்ததும் அதே சைட்டோகுரோம் பி ஜீனே! மறு ஆண்டே உண்மை வெளிப்பட்டது. எலும்பில் கலந்திருந்த மனித டி.என்.ஏ.வில், உட்கருவில் ஒட்டிக் கிடந்த பழைய நகல் அது.

இதனால் சோதனையே வேண்டாம் என்பதா? இல்லை. சுழிப்பிழையுள்ள அளவியை நாம் எறிந்துவிடுவதில்லை, திருத்தி அளக்கிறோம். நகலில் புரதக் குறிப்பு பல சமயம் பாதியில் தடைப்பட்டு நிற்கும், அதைப் பார்க்கவேண்டும். இன்னொரு ஜீனையும் படித்து ஒப்பிடவேண்டும். நீதிமன்றத்துக்குச் செல்லும் ஒவ்வோர் அறிக்கையிலும் இவற்றின் முடிவு இடம்பெறவேண்டும். ‘அசலா, நகலா என்று பார்த்தீர்களா?’ என்று கேட்கும் பழக்கத்தை உயிரியல் வகுப்பிலேயே தொடங்குங்கள்.