‘கருதப்படும்’ என்னும் சொல்

சட்டமும் சில வேளைகளில் புனைந்து பேசுவதுண்டு. தத்தெடுக்கப்பட்ட குழந்தை, எடுத்தவர்களுக்கே பிறந்ததாகக் கருதப்படும் என்கிறது. வணிகக் குழுமம் ஒன்று, வழக்காடவும் சொத்து வைத்திருக்கவும் உரிமையுள்ள ஓர் ஆளாகக் கருதப்படும் என்கிறது. இவற்றைச் சட்டப் புனைவு என்பர். முன்னது அன்பின் பொருட்டு எழுந்தது. பின்னது வசதியின் பொருட்டு. இவற்றால் எவரும் ஏமாறுவதில்லை. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், தமிழ்க் குடும்பங்கள் பலவும் வாழ்ந்துவரும் நியூ ஜெர்சி மாநிலம் 2013ஆம் ஆண்டில் இயற்றிய இணையவழிச் சூதாட்டச் சட்டத்திலும் ஒரு புனைவு இருக்கிறது. அது மக்களின் தீர்ப்பைச் சுற்றிக்கொண்டு போவதற்காகவே புனையப்பட்டது என்பது என் குற்றச்சாட்டு.

அச்சட்டம் கூறுவது இது: மாநிலத்தின் எந்த மூலையிலிருந்து ஒருவர் கணினியிலோ செல்பேசியிலோ பணயம் வைத்தாலும், அப்பணயம் அட்லாண்டிக் சிட்டி நகரில் வைக்கப்பட்டதாகவே கருதப்படும். ஏனெனில் அதைப் பெற்றுக்கொள்ளும் கணிப்பொறி அந்நகரில் இருக்கிறது. நள்ளிரவில் நூவர்க் நகரத்து வீடொன்றில், பிள்ளைகள் உறங்கிய பின்னர், போர்வைக்குள் செல்பேசியின் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு வாடகைப் பணத்தை ஆடிக்கொண்டிருப்பவர், சட்டத்தின் கண்ணுக்கு நெடுந்தொலைவில் உள்ள கடற்கரை நகரத்துச் சூதாட்டக் கூடத்தில் அமர்ந்திருக்கிறார்!

இத்தகைய விசித்திரம் ஏன் தேவைப்பட்டது? மக்களின் வாக்கெடுப்பு இன்றி எவ்வகைச் சூதாட்டத்தையும் சட்டமன்றம் அனுமதிக்கக் கூடாது என்பது அம்மாநில அரசியலமைப்பின் விதி. போற்றத்தக்க விதி அது. குதிரைப் பந்தயத்திற்கு 1939இலும், அறப்பணிக்கான பிங்கோவுக்கும் குலுக்கலுக்கும் 1953இலும், அரசுப் பரிசுச் சீட்டுக்கு 1969இலும் மக்களைக் கேட்டார்கள். 1974இல் மாநிலமெங்கும் சூதாட்டக் கூடங்கள் அமைக்கலாமா என்று கேட்டபோது மக்கள் மறுத்துவிட்டனர். இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு கேள்வி வைக்கப்பட்டது: நலிந்துபோன அட்லாண்டிக் சிட்டியில் மட்டும் அனுமதிக்கலாமா? வரும் வரிப்பணம் முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் செலவிடப்படும். இதற்கு மக்கள் இசைந்தனர். 1978 மே மாதத்தில் முதல் கூடம் திறக்கப்பட்டது.

மக்கள் இசைந்தது சூதாட்டத்திற்கு மட்டுமன்று. ஓர் எல்லைக்கும் சேர்த்தே இசைந்தனர். இருந்துதான் தீரவேண்டுமென்றால் கடலோரத்தில், அந்த ஒரே ஊரில் இருக்கட்டும் என்றனர். அந்த எல்லையில் ஓர் அறிவு இருந்தது. ஆட விரும்பியவர் பேருந்து ஏற வேண்டும். வழிநெடுக யோசிக்க நேரம் கிடைக்கும். இழந்தவர் வெறுங்கையோடு அதே வழியில் திரும்ப வேண்டும். வீடு வந்து சேருமுன் தன்னோடு தானே பேசிக்கொள்ள நேரிடும். தொலைவு என்பது மனச்சான்றுக்கு எத்தனை பெரிய துணை என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

பங்கு மண்டபத்தில் பிங்கோ நடத்தும் திருச்சபைக்குச் சூதைக் கண்டிக்க என்ன தகுதி என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும், கேள்வி நியாயமானதே. வாய்ப்பு விளையாட்டும் பணயமும் தம்மளவில் நீதிக்கு முரணானவை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்லவில்லை. தனக்கும் தன்னைச் சார்ந்தோருக்கும் வாழ்வுக்குத் தேவையானதைப் பறிக்கும்போது அவை ஏற்கத் தகாதவை ஆகின்றன என்றும், சூதின் மீதான வேட்கை மனிதரை அடிமையாக்கும் அபாயம் உண்டு என்றுமே அது போதிக்கிறது. பங்கு மண்டபத்தில் பக்கத்து வீட்டார் நம்மைப் பார்க்கிறார்கள். சீட்டின் விலை சிறியது. குறித்த நேரத்தில் விளக்கணைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். செல்பேசிக்குள் இருக்கும் கூடத்தில் விளக்கணைப்பவர் எவருமில்லை.

இந்தப் புனைவின் குறையை முதலில் சுட்டிக்காட்டியவர் யாரோ ஒரு சமயவாதி அல்லர். அன்றைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியேதான். 2011 மார்ச்சில் இதே நோக்கமுள்ள மசோதாவை அவர் மறுத்துத் திருப்பி அனுப்பினார். எல்லாப் பணயமும் அட்லாண்டிக் சிட்டியில் வைக்கப்பட்டதாகக் கருதும் புனைவு, அரசியலமைப்பின் தெளிவான சொற்களை வென்றுவிட முடியாது என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. செம்மையான காரணம்! ஆனால் 2013 பிப்ரவரி 26 அன்று, அதே புனைவின் மீது நின்ற சட்டத்தில் அதே ஆளுநர் ஒப்பமிட்டார். வரி விகிதம் உயர்ந்திருந்தது. பத்தாண்டுக் கால வரம்பு சேர்க்கப்பட்டிருந்தது. அரசியலமைப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மக்களைக் கேட்கவும் இல்லை. விளையாட்டுப் போட்டிகளின் மீது பந்தயம் கட்டுவதற்காக 2011 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தத் தெரிந்த அரசுக்கு, இதற்கு மட்டும் நடத்தத் தெரியாமற்போனது ஏன்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பணயம் வைப்பவர் மாநில எல்லைக்குள்தான் இருக்கிறார் என்பதை நிறுவனம் உறுதிசெய்தாக வேண்டும். அதற்கென நுட்பமான கருவிகள் உள்ளன. ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில் நியூயார்க்கில் நின்று தொட்டால் ஆட்டம் திறக்காது. பாலத்தைக் கடந்து இக்கரைக்கு வந்தால் திறக்கும். ஆக, ஆடுபவர் எங்கே இருக்கிறார் என்பதைக் கருவி துல்லியமாகக் கண்டறிந்து சொல்லவும் வேண்டும். சொன்ன அதே நொடியில், அவர் அங்கே இல்லை என்று சட்டம் கருதவும் வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே வழக்கில், ஒரே தரப்புக்காக!

மத்திய அரசு தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. தந்திவழிப் பந்தயத்தைத் தடைசெய்யும் 1961ஆம் ஆண்டுச் சட்டம் விளையாட்டுப் பந்தயத்திற்கு மட்டுமே பொருந்தும் என்று நீதித்துறை 2011 டிசம்பரில் கருத்துரைத்ததும் மாநிலங்களுக்கு வழி திறந்துவிட்டது. 1992ஆம் ஆண்டின் விளையாட்டுப் பந்தயத் தடையையும் உச்ச நீதிமன்றம் 2018 மே மாதத்தில் நீக்கியது. அந்த வழக்கில் வென்றதும் நியூ ஜெர்சிதான்.

மக்களின் மனம் இதற்குள் மாறியிருக்கலாமே என்பர் சிலர். 2016 நவம்பரில் அது சோதித்தறியப்பட்டது. மாநிலத்தின் வடபகுதியில் புதிதாக இரண்டு கூடங்கள் அமைக்கலாமா என்று கேட்டார்கள். வாக்களித்தோரில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் வேண்டாம் என்றனர். கட்டடமாக இரண்டு கூடங்கள் தங்கள் பக்கம் வேண்டாம் என்று சொன்ன அதே மக்களின் சட்டைப் பைகளுக்குள், கேட்காமலே, கணக்கற்ற கூடங்கள் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே திறக்கப்பட்டிருந்தன.

தடை செய்தால் வெளிநாட்டுக் கள்ளத் தளங்களுக்குப் போவார்கள், அரசின் கண்காணிப்பில் ஆடுவது மேலன்றோ என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதை எளிதில் தள்ளிவிட மாட்டேன். வயது சோதிக்கப்படுகிறது, வென்ற பணம் கைக்கு வருகிறது, தன்னைத் தானே விலக்கிக்கொள்ள விரும்புவோருக்குப் பதிவேடு இருக்கிறது. இவை நன்மைகளே. ஆனால் கண்காணிப்பவரே பங்காளியாகவும் இருக்கும்போது கண்காணிப்பு என்னவாகும்? அட்லாண்டிக் சிட்டிக் கூடங்களின் வருவாய்க்கு 8 விழுக்காடு வரி. இணைய ஆட்டத்திற்கு 15 விழுக்காடாக இருந்ததை 2025இல் 19.75 ஆக்கினர். 2014இல் இணையச் சூதாட்ட நிறுவனங்கள் ஆடியோரிடமிருந்து ஈட்டியது ஏறத்தாழ 12 கோடி டாலர். 2024இல் அது ஏறத்தாழ 239 கோடி. கள்ளத் தளங்களில் ஆடியவர்களை மீட்டு வந்ததனால் மட்டுமா இந்த வளர்ச்சி? விளம்பரம் செய்து, வரவேற்புப் பணம் கொடுத்து, ஆடாதிருந்தவர்களை அழைத்து வந்தார்கள். விளம்பரத்தின் அடியில் உதவித் தொலைபேசி எண் சிறு எழுத்தில் இருக்கும். ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வு, அம்மாநிலத்தவருள் நூற்றுக்கு ஆறு பேர் அளவில் சூதாட்ட நோய்க்கு ஆட்பட்டிருப்பதாக மதிப்பிட்டது. நாட்டின் சராசரியைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

அட்லாண்டிக் சிட்டியைக் காப்பாற்றவே இச்சட்டம் என்றார்கள். சட்டம் வந்த மறு ஆண்டே, 2014இல், அங்கு நான்கு கூடங்கள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். பென்சில்வேனியா போன்ற அண்டை மாநிலங்களின் போட்டியே அதற்குப் பெருங்காரணம். இணையத்தின் மேல் அப்பழியை நான் சுமத்தவில்லை. அந்நகரின் பெயர் சட்டத்திற்குத் தேவைப்பட்ட அளவுக்கு அந்நகரின் மக்கள் தேவைப்படவில்லை என்று மட்டும் சொல்வேன்.

வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அவர் கண்ட சூதாடி கழகத்துக்கு நடந்து போனவன். அவனைத் தேடிக் கழகம் வந்ததில்லை.

பத்தாண்டு வரம்பு 2023இல் முடிவுக்கு வந்தது. மக்களைக் கேட்க அதைவிடத் தக்க தருணம் வாய்த்திராது. மாறாக, சட்டமன்றமும் ஆளுநர் பில் மர்ஃபியும் மேலும் ஐந்தாண்டு நீட்டித்துக்கொண்டனர். அந்த நீட்டிப்பு 2028இல் முடிகிறது. அவ்வாண்டு குடியரசுத் தலைவர் தேர்தலும் வருகிறது. வாக்குச்சீட்டு எப்படியும் அச்சாகும். அதன் கீழ்ப்பகுதியில் இன்னும் ஒரு கேள்வி சேர்ப்பதற்கு இடமிருக்கும். ‘கருதப்படும்’ என்ற சொல் அக்கேள்வியில் வேண்டாம். உங்கள் வீட்டுக்குள்ளும் உங்கள் செல்பேசியிலும் நாள் முழுதும் சூதாட்டம் நடக்கலாமா என்று நேராகக் கேட்கட்டும்.