வலி போனால் போதுமா?

கூடைப்பந்தோ கபடியோ ஆடும் பெண் உங்கள் வீட்டில் இருக்கிறாளா? அப்படியானால் இந்த வாரம் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

துள்ளிக் குதித்து இறங்கும்போது முழங்கால் பிசகுகிறது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். சில மணி நேரத்திற்குள் முழங்கால் பூரியாய் உப்பிவிடுகிறது. உடனே நாம் எண்ணெயைக் காய்ச்சி நீவிவிட உட்காருகிறோம். கூடாது, அம்மா! புதுக் காயத்தை நீவினால் வீக்கம் அதிகமாகலாம். ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள். காலை உயர்த்தி வைத்து, டாக்டரிடம் காட்டுங்கள். தொடை எலும்பையும் கால் எலும்பையும் உள்ளே பிணைத்திருக்கும் தசைநார் அறுந்திருக்கக்கூடும். விளையாட்டில் பையன்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் நேர்கிறது.

ஆபரேஷன் செய்து வேறொரு நாரைப் பொருத்திவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது மாதம் பெண் வந்து கொஞ்சுகிறாள்: "வலியே இல்லை, அம்மா! ஞாயிற்றுக்கிழமை மாட்சுக்குப் போகட்டுமா?"

அபாயம் இங்கேதான் இருக்கிறது. வலி போய்விட்டது, நார் இன்னும் உறுதிப்படவில்லை. நட்ட செடி வேர் பிடிக்க நாள் வேண்டாமா? போதாததற்குத் தொடைத் தசையும் மெலிந்து கிடக்கிறது. இந்த நிலையில் ஓடித் திரும்பினால் மறுபடியும் அறுந்துபோகலாம். ஒன்பது மாதமாவது பொறுத்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும் என்கிறார்கள். ஒன்பது மாதக் கணக்கைப் பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லையே!

பொறுப்பது என்றால் சும்மா படுத்திருப்பதல்ல. முதலில் வீக்கம் வடிந்து, கால் முழுவதும் நீள வேண்டும். பிறகு தொடைக்குப் பலம், ஒற்றைக்காலில் நிற்கும் நிதானம், நேர் ஓட்டம், குதித்தல், சட்டென்று திரும்புதல், கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். மறுநாள் முழங்கால் வீங்கினால், ஒரு படி இறங்கிவிட வேண்டும். அடிபட்ட காலால் ஒற்றைக்காலில் தாண்டும் தூரம், நல்ல காலால் தாண்டுவதில் நூற்றுக்குத் தொண்ணூறாவது வருகிறதா என்றும் பரீட்சை செய்கிறார்கள். காலண்டரும் பரீட்சையும் இரண்டும் சம்மதிக்க வேண்டும்.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டைத் தெரியுமல்லவா? 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் பிசகி, அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு ஆபரேஷன், பயிற்சி, பொறுமை. 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவர் தங்கம் வாங்கினார். ஆசிய விளையாட்டு மல்யுத்தத்தில் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்.

ஆகவே, அடுத்த முறை உங்கள் பெண் கொஞ்சும்போது மனம் இளகிவிடாதீர்கள். "வலி இல்லையென்றால் சந்தோஷம், கண்ணே, பலம் வந்துவிட்டதா, அதைச் சொல்!" என்று கேளுங்கள். இன்றைக்கு அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். வைத்துக்கொள்ளட்டும். ஒரு மாட்ச் போனால் இன்னொன்று வரும். முழங்கால் அப்படி வருமா?