மெல்ல அடைப்பவர்களைப் பழிக்காதீர்கள்

கல்யாணமாகி ஐந்தாறு வருடம்கூட ஆகாத தம்பதிகள் கடனில் கிடப்பதற்கு அவர்களுடைய ஆசையே காரணம் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரையாளர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். அவர் அடுக்கும் வாதங்கள் நான்கு. கைபேசி, கல்யாண போட்டோ, ஓட்டல் சாப்பாடு என்று செலவழித்துக் கடனாளி ஆகிறார்கள் என்பது முதலாவது. பெண்கள் கணக்கு வழக்கில்லாமல் குழுக்கடன் வாங்கிக் குவிக்கிறார்கள் என்பது இரண்டாவது. நம் தாத்தா பாட்டிகள் கடனில்லாமல் வாழ்ந்தார்கள், இவர்களுக்கு அந்த ஒழுக்கம் இல்லை என்பது மூன்றாவது. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவது மன உறுதி இல்லாதவர்களின் வழி, நகையை விற்றோ ஒரே பெரிய கடனாக மாற்றியோ ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்பது நான்காவது. நான்குமே தவறு. நான்காவது தவறு என்பதோடு ஆபத்தானதும்கூட. அதை நம்பி இறங்குகிற குடும்பம் நடுத்தெருவுக்கு வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியின் கணக்கை இங்கே வைக்கிறேன். ஊர் திருப்பூர் பக்கம். அவர் பனியன் கம்பெனியில் ஒப்பந்தத்துக்குத் தைக்கிற டெய்லர், மனைவி செக்கிங் வேலை. 2022-இல் வேலை நன்றாக ஓடுகிற மாதத்தில் இருவர் கூலியும் சேர்ந்து 24,000 ரூபாய் வந்தது. அப்போது அவர்களுக்கு இருந்த கடன் 2,94,000 ரூபாய். அதில் 1,40,000 பிரசவச் செலவு. குழந்தை குறைமாதத்தில் பிறந்தது, அரசு மருத்துவமனையில் அன்று இன்குபேட்டரில் இடமில்லை, தனியாருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கல்யாணச் செலவின் பாக்கி 60,000. வீட்டு அட்வான்ஸ் 40,000. ஆர்டர் இல்லாமல் கம்பெனி படுத்த மாதங்களில் சாப்பாட்டுக்கு வாங்கியது 40,000. மிச்சம் 14,000 ஒரு கைபேசி.

கட்டுரையாளர் ஆடம்பரம் என்று விரல் நீட்ட இந்தக் கணக்கில் அந்தக் கைபேசி ஒன்றுதான் இருக்கிறது. வேலைக்கு ஆள் கூப்பிடுவதும் கூலி வந்து சேர்வதும் அதில்தான். அதையும் ஆடம்பரம் என்றே வைத்துக்கொண்டாலும், மொத்தக் கடனில் அது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. கிட்டத்தட்டப் பாதி ஆஸ்பத்திரி. பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் அவருக்கு இ.எஸ்.ஐ. பிடித்தமே கிடையாது. பிடித்தம் உள்ளவர்களுக்கும் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் அது கிடைக்காது. அந்த வரம்பு 2017-இல் வைத்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கோ ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இரண்டு பேர் உழைக்கிற வீடு இரண்டு வாசலிலும் நிற்க முடியாமல் போகிறது. அப்படி வெளியே நிற்கிற குடும்பத்தில் ஒரு குழந்தை குறைமாதத்தில் பிறந்தால் கடன் வந்தே தீரும். இதை ஆசை என்று எழுதுவது அநியாயம்.

கடன் வந்த வழி இது. அது ஏன் போகாமல் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கட்டுரையாளர் பேசவே இல்லை. கட்டுரை முழுவதிலும் வட்டி விகிதம் என்று ஒரு எண்கூட இல்லை. வட்டியைப் பேசாமல் கடனைப் பற்றி எழுதுகிறவர் கடனாளியைத் திட்ட மட்டுமே வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

அந்தத் தம்பதி 1,30,000 ரூபாய்க்கு ஐந்து பவுனை அடகுக் கடையில் இரண்டு வட்டிக்கு வைத்திருந்தார்கள். மாதம் 2,600. கைக்கடன் 60,000 மூன்று வட்டிக்கு. மாதம் 1,800. இந்த இரண்டுக்கும் சேர்த்து மாதம் 4,400 ரூபாய் கட்டினாலும் அசலில் ஒரு ரூபாய் குறையாது. இதற்கு மேல் இரண்டு மைக்ரோ பைனான்ஸ் கடனுக்குத் தவணை 4,760, கைபேசிக்கு 1,400. ஆக மாதம் 10,560 ரூபாய், வருமானத்தில் 44 சதவீதம். சிறுகடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் மாத வருமானத்தில் 50 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. அந்த விதியின் கணக்கில் இது தாங்கக்கூடிய சுமை. கம்பெனி படுத்து வருமானம் பாதியாகும் மாதத்தில் அதே 10,560 ரூபாய் 88 சதவீதம் ஆகிவிடும். டீக்கடையை மறந்து, ஓட்டல் பக்கமே தலைவைக்காமல் இருந்தாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது.

ஏழைக்குப் பணம் விற்கப்படும் விலையைப் பாருங்கள். தண்டலில் 10,000 ரூபாய் என்று பேசி, 1,500-ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 தருகிறார்கள். தினம் 100 ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். ஆண்டுக் கணக்கில் இது ஏறத்தாழ 120 சதவீத வட்டி. ‘பிளாட்’ வட்டி 12 சதவீதம்தான் என்று சொல்லி ஒரு லட்சத்தை இரண்டு வருடத் தவணையில் தருகிறார்கள். அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முழு லட்சத்துக்கும் போடப்படுவதால் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. வசதியுள்ளவர் கார் வாங்க வங்கிக்குப் போனால் இதில் பாதிக்கும் குறைவான வட்டியில் கடன் கிடைக்கும்.

கட்டுரையாளர் தன் பக்கத்துக்கு வலுவாக நினைத்துக் காட்டியது கிரெடிட் கார்டு உதாரணம். நகரத்தில் சம்பளம் வாங்கும் இளைஞர்களில் சிலர் யோசிக்காமல் கார்டைத் தேய்க்கிறார்கள், அது உண்மை. ஆனால் கார்டில் 60,000 ரூபாய் பாக்கி வைத்தவர், மாதம் மூன்றரை சதவீத வட்டி 2,100-ம் அதன் மேல் ஜி.எஸ்.டி. 378-ம் முதலில் கொடுக்க வேண்டும். திருந்தி, மாதம் 3,000 ரூபாய் கட்டத் தொடங்கினால் முதல் மாதம் அசலில் குறைவது 522 ரூபாய். கார்டு பாக்கிக்கு ஆண்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஒரு வருடம் தவறாகச் செலவழித்தவரைப் பல வருடம் கட்டிப்போடுவது இந்த வட்டிதான்.

இரண்டாவது வாதம் பெண்களைப் பற்றியது. கட்டுரையிலேயே என்னை அதிகம் உறுத்தியது இதுதான். மைக்ரோ பைனான்ஸ் நிறுவனங்கள் பெரும்பாலும் பெண்களுக்குத்தான் கடன் தருகின்றன. புருஷன் போய்க் கேட்டால் கிடைக்காது. வீட்டு அட்வான்ஸோ ஆஸ்பத்திரி பில்லோ, வீட்டின் எந்தத் தேவைக்கும் கையெழுத்து அவளுடையது, பதில் சொல்ல வேண்டியவளும் அவளே. கடன் குழுவின் வாரக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து பார்த்திருந்தால் கட்டுரையாளர் இப்படி எழுதியிருக்க மாட்டார். காலை ஏழு மணிக்குத் தலைவி வீட்டுத் திண்ணையில் பத்துப் பெண்கள் அட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்திக்கு 300 ரூபாய் குறைந்தால் வசூலுக்கு வந்தவர் எழுந்திருக்க மாட்டார், மற்றவர்களும் எழ முடியாது. எட்டரைக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். கடைசியில் ஒவ்வொருத்தியும் முந்தானை முடிச்சிலிருந்து முப்பது நாற்பது எடுத்துப் போட்டு அட்டையில் கையெழுத்து வாங்குவார்கள். பணம் குறைந்தவள் அந்த வாரம் முழுவதும் தெருவில் தலைநிமிர மாட்டாள். ஒரு கடனாளிக்கு மூன்று நிறுவனங்களுக்கு மேல் கடன் தரக் கூடாது என்று 2025-இல் இத்துறையின் கூட்டமைப்பே வரம்பு போட வேண்டி வந்தது. அளவுமீறிக் கொடுத்தவர்களே ஒப்புக்கொண்ட பிறகும் பழியை வாங்கியவள் தலையில் போடுவது எந்த நியாயம்?

மூன்றாவது, கடனே இல்லாமல் வாழ்ந்த தாத்தா பாட்டிகள். அப்படி ஒரு காலம் இருந்திருந்தால் 1938-இல் ராஜாஜி மந்திரிசபை சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்திருக்கத் தேவையில்லை. வாங்கிய அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டிவிட்டவரின் கடன் தீர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. இரண்டு மடங்கு கட்டியும் தீராத கடன் ஊர் ஊராக இருந்ததால்தான் அப்படி எழுத வேண்டியிருந்தது. அந்தத் தாத்தாக்களின் பேரன் காலத்தில், 2003-இல், கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்து பதினான்கு வருடம் கழித்து, 2017 அக்டோபர் 23 அன்று, கந்துவட்டிக் கொடுமைக்குப் பலமுறை மனு கொடுத்தும் தீர்வு கிடைக்காத ஒரு இளம் தம்பதி, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இரண்டு பெண் குழந்தைகளோடு உயிரை மாய்த்துக்கொண்டது. கடனையும் ஒழுக்கத்தையும் முடிச்சுப்போட்டு எழுதுகிறவர்கள் இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

இனி நான்காவது வாதம். நகையை விற்று ஒரேயடியாக முடி என்கிறார். 2022 தொடக்கத்தில் சென்னையில் ஒரு பவுன் 36,000 ரூபாய் அளவில் இருந்தது. 2025 அக்டோபரில் 90,000-ஐத் தாண்டியது. இவர் பேச்சைக் கேட்டு அன்று ஐந்து பவுனை விற்றிருந்தால் 1,80,000 கிடைத்திருக்கும். அதே ஐந்து பவுனை மறுபடி வாங்க நாலரை லட்சத்துக்கு மேல் வேண்டும், செய்கூலியும் சேதாரமும் தனி. விலை இப்படி ஏறும் என்று யாருக்கும் தெரியாது, இறங்கியும் இருக்கலாம், சரி. ஆனால் அந்தப் பெண்ணின் பெயரில் உலகத்தில் இருக்கும் ஒரே சொத்து அது. கழுத்தில் மஞ்சள் கயிறோடு வேலைக்குப் போகிறாளே தவிர, நகை திரும்பி வரும் என்ற நம்பிக்கையை அவள் விடவில்லை. அதை விற்கச் சொல்ல மூன்றாம் மனிதருக்கு உரிமை இல்லை.

ஒரே பெரிய கடனாக மாற்று என்பது இதைவிட மோசம். சனிக்கிழமை கூலி வாங்குகிறவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? வங்கி தராது, தருவது கைபேசி ஆப்பும் பிளாட் வட்டிக்காரரும்தான். தவணையும் பெரிதாக இருக்கும், ஒரு மாதம் தவறினால் அபராதம் ஏறும். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் ஆர்டர் குறைந்து, ஒன்றரை ஷிப்டு ஓடிய இடங்களில் ஒரு ஷிப்டு ஆனது. பெரிய தவணையில் மாட்டியிருந்தால் இந்தத் தம்பதி அந்த மாதமே கவிழ்ந்திருக்கும்.

அவர்கள் செய்தது வேறு. முதலில் நகையை இடம் மாற்றினார்கள். அவளுடைய அண்ணன் ஒரே ஒரு நாளைக்குப் பணம் புரட்டிக் கொடுத்தார். காலையில் அடகுக் கடையில் மீட்டு, மதியம் வங்கியில் பத்து சதவீதத்துக்கு வைத்தார்கள். வருடத்துக்கு 31,200 ரூபாயாக இருந்த வட்டி 13,000 ஆனது. கைபேசித் தவணை முடிந்ததும் அந்த 1,400, வட்டியில் மிஞ்சிய 1,500, இரண்டையும் மூன்று வட்டிக் கைக்கடனின் அசலில் போட்டார்கள். ஒன்றரை வருடத்துக்குள் அது தீர்ந்தது. மைக்ரோ பைனான்ஸ் தவணை முடிந்தபோது அடுத்த சுற்றுக்கு இன்னும் பெரிய தொகை தருகிறோம் என்று வீடு தேடி வந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தவணைப் பணம் இப்போது நகைக்கடனுக்குப் போகிறது. வேலை உள்ள மாதம் கூடுதலாக, படுத்த மாதம் வட்டி மட்டும். இன்று மிச்சம் 40,000 ரூபாய். “மெதுவாத்தானுங்கண்ணா கட்றோம். ஆனா நிக்காமக் கட்றோமுங்க” என்றாள் அந்தப் பெண்.

இதில் மன உறுதி எங்கே குறைகிறது? எந்தக் கடன் அதிகம் தின்கிறதோ அதை முதலில் ஒழிக்க வேண்டும், விலை குறைந்த கடனுக்கு மாற வேண்டும், தீர்ந்த தவணைப் பணத்தை வீட்டுச் செலவில் கலக்க விடாமல் அடுத்த கடனில் போட வேண்டும், புதுக்கடனுக்குக் கை நீட்டக் கூடாது. நான்கு வருடம் இதைச் செய்ய எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்பது ஒரே மூச்சில் முடிக்கச் சொல்கிறவருக்குத் தெரியாது. பண்டிகைக்குத் துணி எடுக்காமல், உறவுக்காரர் பேச்சுக்குக் காது கொடுக்காமல் கடந்த வருடங்கள் அவை.

அறிவுரை சொல்லத்தான் வேண்டுமென்றால் பயன்படுவதைச் சொல்லலாம். கடன் கொடுப்பவர் எல்லாச் செலவையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டியை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் விதி. அந்தத் தாளைத் தமிழில் கேட்டு வாங்குங்கள் என்று எழுதியிருக்கலாம். வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்திருக்கிறது, மிரட்டினால் புகார் கொடுங்கள் என்று எழுதியிருக்கலாம். பீஸ் ரேட் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. வேண்டும், ஆர்டர் இல்லாத மாதத்தில் அபராதமில்லாமல் தவணையைத் தள்ளிவைக்க வழி வேண்டும், நகரக் கூலிகளுக்கும் கூட்டுறவுச் சங்கத்தில் நியாயமான வட்டிக்குக் கடன் வேண்டும் என்று அரசைக் கேட்டிருக்கலாம். இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்காமல், உழைத்துச் சம்பாதித்து ஒழுங்காகத் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பேரை ஊதாரி என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பட்டத்தை அவர் திரும்பப் பெற வேண்டும். அடுத்த கட்டுரையை வட்டி வாங்குகிறவர்களைப் பற்றி எழுத வேண்டும்.