பாம்புக்கு எண்ணெய்க் குளியல் போடும் புண்ணியவான்களே...

வீட்டில் பாம்பு இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லவே எனக்கு இரண்டு மாதம் ஆனது. என் பாம்பு இல்லை. இங்கே இங்கிலாந்தில் என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் வெள்ளைக்கார நண்பனுடையது. "பால் பைத்தான்மா" என்றேன். "பால் ஊத்துறீங்களாடா?" என்றார். அது அந்தப் பால் இல்லை தாயே, பந்து! ஆப்பிரிக்காவில் இருந்து வந்த ஜாதி, பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், விஷம் கிடையாது என்று சொல்லி முடிப்பதற்குள் போன் கட்.

சரி, மேட்டருக்கு வருவோம். வாங்கி வந்த மூன்றாவது வாரம் அது தண்ணீர்த் தொட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. ராத்திரி பகல் அதற்குள்ளேயே கிடந்தது. தொட்டியில் எட்டிப் பார்த்தால் கசகசா அளவுக்குக் கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றன. வெள்ளை டிஷ்யூவால் உடம்பைத் துடைத்தால் புள்ளிகள் டிஷ்யூ மேல் நடக்கின்றன! பாம்பு மைட். ரத்தம் குடிக்கிற சிற்றுண்ணி. விற்ற கடையில் நண்பன் கேட்டான். பதில்: "சாதாரண விஷயம். ஆலிவ் எண்ணெய் தடவி ஊற வைத்துக் குளிப்பாட்டுங்கள், போய்விடும்."

தடவினோம். பாம்பைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான், எனவே நானும் உடந்தை. இரண்டு நாள் எதுவும் கண்ணில் படவில்லை. ஆஹா என்றிருந்தோம். பத்தாவது நாள் முன்பைவிட இரண்டு மடங்கு.

இந்த எண்ணெய்க் கோஷ்டி மேல்தான் எனக்குக் கோபம். எண்ணெய் மைட்டைக் கொல்லாது என்று நான் சொல்லவில்லை. மேலே பட்டால் மூச்சுத் துளை அடைத்துச் செத்துத்தான் போகும். ஆனால் எத்தனை மைட் பாம்பின் மேல் இருக்கிறது? இந்தப் பூச்சியின் வாழ்க்கையில் ஐந்து கட்டம்: முட்டை, லார்வா, இரண்டு இளம்பருவம், பிறகு வளர்ந்தது. இதில் ரத்தம் குடிப்பது முதல் இளம்பருவமும் வளர்ந்ததும் மட்டும்தான். மற்றவைக்குப் பாம்பே தேவையில்லை. வயிறு நிறைந்த பெண் பூச்சி பாம்பை விட்டு இறங்கி, கூண்டின் இருட்டான, ஈரமான இடுக்கில் போய் முட்டையிடும். தன் ஆயுளில் 60, 80 முட்டை. சூடான கூண்டில் இரண்டு, மூன்று வாரத்துக்குள் அடுத்த தலைமுறை தயார். நீங்கள் பாம்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது அது மரப்பட்டைக்கு அடியில் வளைகாப்பு நடத்திக்கொண்டிருக்கிறது.

குளியல் கதையும் இதேதான். தண்ணீரில் போட்டதும் மூழ்கியவை சாகும், மற்றவை தலைக்கு ஏறும். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு செதில்தான். அதன் விளிம்பில், தாடையின் அடிமடிப்பில் போய் வரிசையாக உட்கார்ந்துகொள்ளும். மூச்சு விட வேண்டிய தலையை நீங்கள் எப்படி முக்குவீர்கள்?

என் கட்சி இதுதான்: மைட் பாம்பின் வியாதி இல்லை, கூண்டின் வியாதி. காட்டில் பாம்பு இடம் மாறிக்கொண்டே இருக்கும், கீழே விழுந்த முட்டை பொரிந்து வருவதற்குள் சாப்பாடு எங்கோ போயிருக்கும். நாம்தான் நான்கடிப் பெட்டியில் சூடும் ஈரமும் வைத்து, நடுவில் ரத்தத்தையும் பூட்டி வைத்திருக்கிறோம். பண்ணை வைத்தது நாம், பழி பாம்புக்கு.

இதற்கு நேர் எதிர்க் கோஷ்டி ஒன்று உண்டு. பூச்சிதானே, அடி மருந்தை! ஐவர்மெக்டின் பாம்புக்குக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துக் கொடுப்பதுதான், ஆனால் அதே மருந்து ஆமைக்கு எமன். பக்கத்துப் பெட்டியில் ஆமை வளர்ப்பவர்கள் கவனிக்கவும். கூண்டுக்கு அடிக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும், மீன் தொட்டியைக் காலி செய்யும். எங்கள் வீட்டிலேயே ஒரு பூனை உண்டு. பாம்புக்குக்கூட, ஸ்ப்ரே காய்வதற்கு முன் உள்ளே விட்டால் ஆபத்துதான்.

"60 பவுண்டு பாம்புக்கு 50 பவுண்டு டாக்டரா?" என்று நண்பனின் அப்பா கேட்டார். அய்யா, விலை பாம்புக்கு, உயிருக்கு இல்லை. 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, வளர்க்கும் பிராணியை நோயிலிருந்து காப்பது இந்த நாட்டில் வளர்ப்பவரின் கடமை. மைட் என்றால் வெறும் அரிப்பு என்று நினைக்க வேண்டாம். குட்டிப் பாம்பு ரத்தம் குறைந்தே சாகும். ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியாவை ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். போவா வகைகளைக் கொல்லும் வைரஸ் ஒன்றைப் பரப்புவதிலும் இதன் மேல் சந்தேகம் இருக்கிறது, நிரூபணம் ஆகவில்லை.

ஒருவழியாக டாக்டரிடம் போனோம். அவர் பாம்புக்கு ஃபிப்ரோனிலைத் துணியில் நனைத்துத் துடைத்த நேரம் ஐந்து நிமிடம்கூட இல்லை. கூண்டைப் பற்றிப் பேசியது அரை மணி நேரம். மரத்தூளை மூட்டை கட்டி எறி. மரக்கிளை, ஒளிந்துகொள்ளும் பெட்டி எல்லாம் போகட்டும். மூலை முடுக்கெல்லாம் கொதிநீர். தரைக்கு வெறும் பேப்பர், தினமும் மாற்று. முட்டை காய்ந்தால் சாகும் என்பதால் ஈரம் வேண்டாம், ஆனால் தோல் உரிக்க நேரும்போது மட்டும் ஈரப் பெட்டி வை. ஒரு தடவை மருந்து போட்டுவிட்டு நிறுத்தாதே, இன்று முட்டையாக இருப்பது அடுத்த வாரம் பூச்சியாக வரும், திரும்ப வா. புதுப் பாம்பு எது வந்தாலும் மூன்று மாதம் தனி அறை. (இதைக் கடைக்காரர் முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டாவது பாம்பை உடனே விற்க முடியாதே!)

அம்மா மட்டும் இன்னும் வேப்பெண்ணெய்தான் சொல்கிறார். அம்மாவோடு வாதாட நான் தயாரில்லை.

இன்றோடு ஏழாவது வாரம். டிஷ்யூ வெள்ளையாகவே வருகிறது. ஐந்து வாரம் பட்டினி கிடந்தது போன ஞாயிறு எலி சாப்பிட்டது. கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னோம். "எல்லாப் பாம்புக்கும் வரும்" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு கண்ணாடிப் பெட்டிகள், நடுவில் விரல் நுழையும் இடைவெளிகூட இல்லை. கீழ் வரிசையில் ஒரு குட்டிப் பாம்பு தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே கிடந்தது.