சாமி, சிக்னல் கிடைக்குதா?

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் திண்டுக்கல் - பழநி சாலைக்குப் போய்ப் பாருங்கள். காவி வேட்டி, பச்சை வேட்டி, மஞ்சள் சேலை என்று சாரை சாரையாக ஜனம். காலில் செருப்பு இல்லை. கவுச்சியை விட்டாச்சு. மெத்தையை விட்டாச்சு. ஷேவிங்கைக்கூட விட்டாச்சு. ஆனால், கையில் செல்போன்!

'இதையும் வீட்டில் வெச்சுட்டு வரலாமே சாமி' என்று கேட்டுப் பாருங்கள்... சுர்ரென்று கோபம் வரும். 'ஆத்திர அவசரத்துக்கு வேணாமா?'

நியாயமான கேள்விதான். தை மாசப் பனியில், விடியாத இருட்டில் நடக்கிறார்கள். பாதயாத்திரை கூட்டத்தில் வண்டி புகுந்தது என்ற செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்! 108-ஐக் கூப்பிட போன் வேண்டும். ஆனால், இருபது பேர் சேர்ந்து போகும் குழுவில் 108-ஐக் கூப்பிட எத்தனை போன் வேண்டும்? இருபதா?

அதே இருட்டில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முருகன் பாட்டு கேட்டபடி நடக்கிறவருக்குப் பின்னால் வருகிற லாரியின் ஹாரன் கேட்குமா? ஆபத்துக்கு உதவும் என்று கொண்டுவந்த சாமானே ஆபத்தாகிறது. இது என்ன கணக்கு? நான் படித்த பி.காம்-ல் இப்படி ஒரு வரவு-செலவு இல்லை.

நகரத்தார் காவடி தலைமுறை தலைமுறையாக குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழநிக்குப் போகிறது. 150 கிலோமீட்டருக்கு மேல் நடை. ஆளுக்கொரு அடுப்பையா தூக்கிக்கொண்டு போனார்கள்? சாமான்கள் மாட்டு வண்டியில் பொதுவாக வந்தன. போனும் அப்படி வரட்டுமே! குழுவுக்கு ஒன்று. அது குருசாமியின் பையில் இருக்கட்டும். ராத்திரி தங்குமிடத்தில் வரிசையாக வீட்டுக்குப் பேசுங்கள்... 'நல்லாருக்கேன், கால்ல கொப்புளம், மத்தபடி ஒண்ணுமில்லை.' போதாதா?

'ஆபீஸ்ல கூப்பிடுவாங்களே சார்?' கூப்பிடத்தான் செய்வார்கள், எடுக்கிற வரைக்கும். சம்பளத்தில் பிடித்தமானாலும் பரவாயில்லை என்று லீவு போட்டு வந்தவர், ஒட்டன்சத்திரம் தாண்டும்போது மேனேஜருக்கு ஸ்டாக் கணக்கு ஒப்பித்துக்கொண்டு நடந்தால், அது பாதயாத்திரை இல்லை. செருப்பில்லாத ஆபீஸ்!

தனியாக நடக்கிறவர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள், வீட்டில் படுத்த படுக்கையாக அம்மாவை விட்டு வந்தவர்கள் தாராளமாக எடுத்துப் போகட்டும். அவர்கள் மேல் யாரும் குற்றம் சொல்ல வேண்டாம். நான் கேட்பது, ஒரு காரணமும் இல்லாமல் நூறடிக்கு ஒரு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிற நம்மைத்தான். பக்கத்தில் நொண்டி நொண்டி வருகிற பெரியவரை நிமிர்ந்து பார்க்காமல், 'எத்தனை பேர் பார்த்திருக்காங்க' என்று எண்ணுகிற நம்மை.

கோயில்களில் செல்போனுக்குத் தடை போடச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 1 முதல் பழநி மலைக்கோயிலிலும் தடை வந்தது. முணுமுணுத்துக்கொண்டே அடிவாரத்தில் ஒப்படைத்துவிட்டு ஏறினோம். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

சட்டத்துக்குப் பயந்து சில மணி நேரம் முடிகிறது. நாமாக விரும்பி ஐந்தாறு நாள் முடியாதா? இந்த வருஷம் மாலை போடும்போதே உங்கள் குழுவில் பேசி முடிவு பண்ணுங்கள்... அந்த ஒரு போன் யார் பையில்?